கண்ணாடிக்குள் அலை

திருத்தணியில் எல்லாம் உண்டு. மலை உண்டு. மலைமேல் முருகன் உண்டு. ஏறிப் போக 365 படிகள், வருடத்தின் நாளுக்கு ஒன்றாக. கீழே சரவணப் பொய்கை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒரு காதில் தமிழ், மறு காதில் தெலுங்கு. 1953-லிருந்து 1960 வரை இந்த ஊரே ஆந்திராவில்தான் இருந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி மீட்டது தனிக்கதை. இங்கே இல்லாதது ஒன்றுதான். கடல். அது 80 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, மெரினாவில் இருக்கிறது.

அந்த ஊரில் என் நண்பர் ஒருவர் வீட்டு ஹாலிலேயே கடல் வைத்திருக்கிறார். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், நீல நிறத்தில் இன்னும் நாலைந்து. பவளமும் இருக்கிறது, ஆனால் ரெசினில் வார்த்த டூப்ளிகேட். ஏன் டூப்ளிகேட் என்பதில் சட்டம் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். தண்ணீருக்கு மெரினாவரை போக வேண்டியதில்லை. கடல் உப்பு என்று தனியாகவே விற்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் நல்ல தண்ணீரில் கரைத்தால் கடல் ரெடி.

ரெடியா? அதுதான் இல்லை. உப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். மீனை வாங்கலாம். வெளிச்சத்தை வாங்கலாம். கடலில் இன்னொரு சரக்கு இருக்கிறது. அதற்கு எடை கிடையாது, பாக்கெட்டில் அடைக்க முடியாது. ஆட்டம்! நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பது. இந்த ஆட்டத்தை எப்படி வீட்டுக்குள் கொண்டுவருவது என்று மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கதைக்கு 170 வயதுக்கு மேல் ஆகிறது.

முதலில், எதற்கு ஆட வேண்டும்?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருப்பீர்கள். அன்னதானப் பந்தலில் சாதம் போடுகிறவர் ஒரே இடத்தில் நிற்பார். வரிசை நகர வேண்டும். நகராவிட்டால், பந்தல் முழுக்கச் சாதம் இருந்தும் பின்னால் நிற்கிறவன் பட்டினி. பவளம் அந்தப் பந்தல்காரர் மாதிரி. மிருக ஜாதிதான், ஆனால் பாறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுந்துபோய்ச் சாப்பிட முடியாது. கழிவை வெளியே கொண்டுபோய்க் கொட்டவும் முடியாது. தண்ணீர்தான் வந்து கொடுக்க வேண்டும், வாங்கிக்கொண்டு போக வேண்டும். போதாக்குறைக்கு, எந்தப் பொருளின் மேலும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் ஆக்சிஜன் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடினால் அந்தப் படலம் மெலியும். நின்றால் தடிக்கும். தடித்தால் பவளத்துக்கு மூச்சு முட்டும்.

மீனுக்கும் இது பொருந்தும். உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். நம் ஊர் வெயிலில் இன்னும் குறையும். மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருந்தால்தான் காற்று உள்ளே இறங்கும்.

இதை முதலில் நடைமுறையில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் விஞ்ஞானி அல்ல. ஒரு பாதிரியாரின் மனைவி. பெயர் அன்னா தின். கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1846-இல் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போன அன்னா, அங்கே பாறையிடுக்கில் சின்னச் சின்னப் பவளங்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். லண்டனுக்குக் கொண்டுபோயே தீருவது என்று முடிவு. ஆனால் வண்டி குலுக்கலில் ஒன்றோடொன்று மோதி உடைந்துவிடுமே? அந்த அம்மாள் ஊசி நூல் எடுத்துப் பவளங்களை ஒரு ஸ்பாஞ்சில் வைத்துத் தைத்துவிட்டார்! ஜாடியில் கடல் தண்ணீரை ஊற்றி, அதற்குள் வைத்து, லண்டன் வந்து சேர்ந்தார்.

கொண்டுவந்த தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? மாற்றுவதற்குக் கடல் பக்கத்தில் இல்லை. இருக்கிற தண்ணீரையே புதுசாக்க வேண்டும். அன்னா வீட்டுப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். திறந்த ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். அரை மணி, முக்கால் மணி நேரம். நாம் டீ ஆற்றுகிறோமே, அதேதான். அடுத்த வருடம் கடல் தாவரங்களையும் அந்தத் தண்ணீரில் சேர்த்தார். பவளங்கள் சுமார் மூன்று வருடம் உயிரோடு இருந்தன. குட்டியும் போட்டன. வரலாற்றில் அன்னாவுக்கு இடம் உண்டு. நின்று ஆற்றிய பெண்ணின் பெயர் அதில் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குத் திருத்தணி நண்பர் வீடுதான் ஞாபகம் வந்தது. 2012-இல் தமிழ்நாட்டில் கரண்ட் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் இரண்டு மணி நேரம் போனதற்கே நாம் புலம்பினோம். வெளியூர்களில் பத்து மணி நேரம், அதற்கு மேலும் போயிற்று. இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த கட். மோட்டார் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நண்பர் சொம்பை எடுத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார். மொண்டு ஊற்றுவார். ராத்திரி இரண்டு மணிக்கு முறை மாற்றிக்கொள்ள மனைவி.

ஒருநாள் அவருடைய அம்மா எழுந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். “ஏண்டா, மேல இருக்கிற முருகனுக்கு ஒரு நாளாவது இப்படி அபிஷேகம் பண்ணியிருப்பியா நீ?”

“அவருக்கு ஐயருங்க இருக்காங்கம்மா. இதுங்களுக்கு யாரு இருக்கா?” என்றிருக்கிறார் இவர். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சொம்பை வாங்கிக்கொண்டாராம்.

கைக்குப் பதில் இயந்திரத்தை வைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு. இவரும் விஞ்ஞானி இல்லை. புத்தக பைண்டிங் தொழிலாளி. 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்பவர் அக்வேரியத்தைப் பற்றி எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட, இங்கிலாந்து முழுக்க வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி மோகம் பிடித்தது. லாய்டு லண்டனில் ஒரு கடை போட்டார். மோகம் அடங்கியது. கடை திவால். பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் மனிதர் திவாலான பிறகுதான் உருப்படியான வேலையே செய்தார். 1864-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து அக்வேரியம். 1871-இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் அக்வேரியம்.

லாய்டின் கணக்கு எளிமையானது. மக்கள் பார்க்கிற தொட்டிகளில் கொஞ்சம் தண்ணீர். பூமிக்கு அடியில் இருட்டான குளத்தில் அதைப்போல் பல மடங்கு தண்ணீர். நீராவி இயந்திரம் ராத்திரி பகலாகக் கீழிருந்து மேலே ஏற்றும், மேலிருந்து அது தானாக வழிந்து கீழே வரும். வரும் வழியில் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். உலோகம் பட்டால் கடல் தண்ணீர் விஷமாகும் என்பதால் குழாய்களைக் கெட்டி ரப்பரில் செய்தார். இத்தாலியில் நேப்பிள்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையம் கட்டப்பட்டபோதும் அக்வேரியத்துக்கு யோசனை சொன்னவர் இவர்தான். இன்றைக்கு வீட்டுத் தொட்டிக்குக் கீழே, பலகைக் கதவுக்குள் இன்னொரு தொட்டியை ஒளித்து வைக்கிறார்களே, அது லாய்டின் இருட்டுக் குளத்தின் பேரக்குழந்தை.

இந்த அலை நம் ஊர்க் கரைக்கும் வந்தது. எட்கர் தர்ஸ்டனைத் தெரிந்திருக்கும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக 1885-இல் வந்து சேர்ந்த வெள்ளைக்காரர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் எழுதியவர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். மனிதர்களின் தலையை அளக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் கடல் பிராணிகள் மேல் பைத்தியமாக இருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ராமேசுவரத்துக்குப் போய், அங்கேயும் பக்கத்துத் தீவுகளிலும் உள்ள கடல் உயிரினங்களைப் பற்றி 1887-லேயே அறிக்கை எழுதினார். அவர் முன்வைத்த யோசனையில் பிறந்ததுதான் மெரினா கடற்கரை அக்வேரியம். 1909-இல் திறந்தார்கள். நாட்டிலேயே முதல் அக்வேரியம். வேடிக்கை பாருங்கள், அந்த ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909-தான்.

கடல் எதிரிலேயே இருப்பது எவ்வளவு பெரிய வசதி! லாய்டு நீராவியை எரித்துச் செய்ததை, மெரினாவில் கடலே வாசலில் வந்து செய்து காட்டிக்கொண்டிருந்தது. 1919-இல் அக்வேரியம் மீன்வளத்துறை கைக்குப் போனது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே காலியான 1942-இல் மூடப்பட்டது. பழைய பெருமையோடு அது திரும்ப வரவே இல்லை.

இருக்கட்டும். தொட்டியில் தண்ணீரைச் சுற்ற வைக்கத் தெரிந்துவிட்டது. பிறகென்ன? ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அன்னா வளர்த்தது குளிர்கடல் பவளம், கொஞ்சம் கெட்டி ஆசாமி. வெப்பக் கடலில் பாறை கட்டும் பவளம் அப்படி இல்லை. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கும். பவளம் வீட்டுச் சொந்தக்காரர், பாசி குடித்தனக்காரர். வெயிலில் சமைத்த சர்க்கரையை வாடகையாகக் கொடுக்கும். இந்த ஏற்பாடு கெடாமல் இருக்க வெளிச்சமும் வேண்டும், அலையும் வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரே திசையில் ஓடும். ஒரு பக்கத்தை அறுக்கும், மறுபக்கத்தில் குப்பை சேரும். கடல் அலையோ வரும், போகும். முன்னும் பின்னும் அசைக்கும்.

1961-இல் இந்தோனேஷியாவின் ஜகார்த்தாவிலிருந்து லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். கடலிலிருந்து உயிருள்ள பாறைகளை எடுத்து வந்து, வெயில் படும் தொட்டியில் வைத்து, ஒரு குழாயில் காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டுப் பவளம் வளர்த்திருந்தார். குமிழி மேலே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான் அவருடைய மோட்டார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி வேறு மாதிரி யோசித்தார். ஒரு வாளியில் தண்ணீரை நிரப்பு, நிறைந்ததும் அது தானே கவிழட்டும். தொபுக்கடீர்! அலை. 1980-இல் அங்கே ஒரு பவளத் தொட்டியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்.

ஆனால் எனக்குப் பிடித்தவர் ஹவாயின் வைகிகி அக்வேரியத்தில் இருந்த புரூஸ் கார்ல்சன். (அந்த அக்வேரியமே 1904-இல் ஒரு டிராம் கம்பெனியின் வியாபார மூளையில் உதித்தது. கடைசி ஸ்டாப் வரை ஜனங்கள் டிக்கெட் எடுக்க வேண்டும் அல்லவா?) கார்ல்சனின் கருவியில் ஆடுகிற பாகம் என்று எதுவுமே கிடையாது. தொட்டிக்கு மேலே ஒரு டிரம். சின்ன மோட்டார் அதில் சொட்டுச் சொட்டாக இல்லாவிட்டாலும் நிதானமாகத் தண்ணீர் ஏற்றும். டிரம்முக்குள் வளைந்த ஒரு குழாய். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்காது. தாண்டிய நிமிடம் குழாய் உறிஞ்ச ஆரம்பிக்கும். மொத்த டிரம்மும் ஒரே பாய்ச்சலில் கீழே தொட்டிக்குள் இறங்கும். காலியானதும் குழாய்க்குள் காற்று புகுந்து உறிஞ்சல் நிற்கும். மறுபடி நிதானமாக நிரம்பும். நம் ஊர்ச் சீட்டு மாதிரி. சிறுகச் சிறுகக் கட்டி மொத்தமாக எடுப்பது. சின்ன மோட்டார், பெரிய அலை.

இதை நீங்கள் எங்கோ பார்த்திருக்கிறீர்கள். வசுதேவர் கிண்ணம்! பழைய வீடுகளில் இருக்கும் பித்தளைக் கிண்ணம். நடுவில் குழந்தைக் கிருஷ்ணனைத் தூக்கிக்கொண்டு வசுதேவர் நிற்பார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால் யமுனை ஏறும். குழந்தையின் பாதத்தைத் தொட்டதும் மொத்தத் தண்ணீரும் கடகடவென்று அடியில் இறங்கிவிடும். குழந்தைகள் கை தட்டுவார்கள், பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். உள்ளே ஒளிந்திருப்பது அதே வளைந்த குழாய்தான். கிரேக்கர்கள் இதையே பித்தாகரஸ் கோப்பை என்றார்கள். கிருஷ்ணர் பாதத்துக்காக இறங்கிய தண்ணீர் ஹவாயில் பவளத்துக்காக இறங்கியது.

ஒரே குறை, சத்தம். சில நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஃப்ளஷ் பண்ணுகிற மாதிரி ஹாலில் கேட்டுக்கொண்டே இருந்தால் வீட்டில் யார் சும்மா இருப்பார்கள்? 2000-களில் விசிறி வைத்த பம்புகள் வந்து இந்தப் பிரச்னையை முடித்தன. பழைய பம்பு ஹோஸ் பைப் மாதிரி ஒல்லியாகப் பீய்ச்சும். விசிறி பம்பு டேபிள் ஃபேன் மாதிரி அகலமாக, மெதுவாகத் தள்ளும். சிலவற்றில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே, விசிறி உள்ளே, நடுவில் காந்தம். வேகத்தைக் கூட்டிக் குறைத்து அலை மாதிரியே ஆட்டலாம். பேட்டரியிலும் ஓடும். திருத்தணி நண்பர் இப்போது அப்படி ஒன்று வைத்திருக்கிறார். சொம்பு ஓய்வெடுக்கிறது.

சரி, இவ்வளவு வசதி வந்த பிறகும் அவர் தொட்டியில் பவளம் ஏன் ரெசினில் இருக்கிறது?

2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கிற பட்டியல் அது. நம் கடலிலிருந்து ஒரு விரல் அளவு எடுத்தாலும் குற்றம். காரணம் இருந்தது. தூத்துக்குடி, மண்டபம் பக்கம் பவளப்பாறையை வள்ளம் வள்ளமாக வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா வந்த பிறகும் அது நின்றபாடில்லை. 2001 சட்டத்துக்குப் பின் குறைந்து, 2005 வாக்கில் ஓய்ந்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-லிருந்து உடைந்த பார்களில் பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்த்து வருகிறது.

கோமாளி மீனுக்கு அந்தத் தடை இல்லை. அவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் செய்து காட்டிவிட்டது. வாங்குகிறவர் கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

வெட்டுவது நின்றது. சூடு நிற்கவில்லை. கடல் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் குடித்தனக்காரப் பாசியைக் காலி பண்ணச் சொல்லிவிடும். வாடகை போச்சு, நிறமும் போச்சு. வெள்ளை வெளேரென்று நிற்கும். அப்படியே நீடித்தால் பட்டினியில் சாகும். இதிலும் ஆட்டத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். 1998-இல் உலகம் முழுக்கப் பவளம் வெளுத்தபோது, ஜப்பானின் ஒக்கினாவாவில் நீரோட்டம் நன்றாக இருந்த இடங்களில் பவளங்கள் அதிகம் பிழைத்திருந்தன. அங்கேயே சோதனைத் தொட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே வகைப் பவளம், ஒரே சூடு. வேகமாக ஓடிய தண்ணீரில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. மந்தமான தண்ணீரில் இருந்தவை செத்தன. 2001-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் காற்று விழுந்து கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும் நாட்கள் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் கோடைதோறும் முங்கிப் போய் வெளுத்த திட்டுகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஜூனில் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டால் கடல் கலங்கும், சூடு இறங்கும், பல திட்டுகளுக்கு நிறம் திரும்பும். 2016-இல் நிறையத் திட்டுகளுக்குத் திரும்பவில்லை. அதற்கு முன் சுமார் 39 சதவிகிதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, அதற்குப் பின் எண்ணிப் பார்த்தபோது 23 சதவிகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது.